கெடுப்பது திரும்பி வரும் கரண்ட்

சாரல் காலம் என்றால் குற்றாலத்தில் கூட்டம், பண்பொழித் திருமலைக் கோயில் மலையில் மேகம், நம் கடைகளில் கரண்ட் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைக்காரர்களுக்கு லட்சுமி. அதே காற்றுதான் தென்னை மட்டையையும் மரக்கிளையையும் மின்கம்பி மேல் கொண்டுபோய்ப் போடுகிறது. லைன்மேன்கள் மழையில் நனைந்துகொண்டு கம்பம் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

முன்பெல்லாம் வணிகர்கள் சந்தித்தால் பருப்பு விலை, எண்ணெய் விலை பேசுவோம். இப்போது அதோடு ஒரு புலம்பலும் சேர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, அன்னைக்கு கரண்ட் போயிட்டு வந்துச்சு. அன்னையிலேருந்து சர்வர் சரியில்ல. ஆளக் கூப்பிட்டா சரி பண்ணுதான், ரெண்டு நாள் ஓடுது, திரும்பவும் நின்னுருது." தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தில் இதைச் சொல்லாத மொத்த வியாபாரி குறைவு. நாமும் இதில் பட்டவர்கள்தான். எனவே காரணம் தேடிப் போன வழியை வரிசையாக எழுதினால் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

சர்வர் என்றதும் பெரிய கம்பெனிகளில் ஏ.சி. அறைக்குள் அடுக்கி வைத்திருக்கும் இயந்திரம் என்று எண்ண வேண்டாம். நமக்கு அது கணக்குப்பிள்ளை மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். டாலியும் கணக்கும் அதில் இருக்கின்றன. முன்புறம் பில் போடும் இரண்டு கம்ப்யூட்டரும் குடோனில் உள்ள ஒன்றும் கம்பி வழியாக அதோடு பேசுகின்றன. அது நின்றால் பில் நிற்கும். புளியரை தாண்டிக் கேரளம் போக வேண்டிய எண்ணெய், சர்க்கரை லோடு இ-வே பில் இல்லாமல் வாசலில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எவ்வளவு பாக்கி என்பது தெரியாமல் போகும்.

பேரேடு எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. லாந்தர் வெளிச்சத்திலும் கணக்கு நடந்தது. 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது பலர் கம்ப்யூட்டர் வாங்கினோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மீதிப் பேரும் வாங்கினார்கள். இடையில் 2012-ல், சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லாத காலமும் வந்தது. அப்போதுதான் இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கடைக்குள் புகுந்தன. எது எதோடு சேரும், எது சேராது என்று பார்த்து மாட்டியவர்கள் மிகச் சிலரே.

நம் கடையில் நடந்தது இது. ஒரு சாரல் மாதத்தில் ஒரே பிற்பகலில் நான்கு முறை கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலை சர்வர் எழும்பவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் தம்பி, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று புதிதாக ஏற்றிக் கொடுத்தார். மூன்று நாள் ஓடியது, நின்றது. அடுத்து ஹார்ட் டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் இருப்பதாகக் காட்டி, புது டிஸ்க் போட்டார். ஒரு வாரம் ஓடியது, நின்றது. மூன்றாவதாக உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார். அதுவும் ஐந்து நாள். மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை ஆனது.

பணம் போனதைவிடச் சனிக்கிழமைகள்தான் கஷ்டம். வடகரை, அச்சன்புதூர், மேக்கரை, இலத்தூர்ப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் வாரச் சரக்கை எடுத்துக்கொண்டு பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டும் நாள் அது. ஏறத்தாழ நூற்றெண்பது கணக்குகள். டிஸ்க் மாற்றிய வாரத்தில் நம்மிடம் இருந்த நகல் பதினோரு நாள் பழையது. அந்தப் பதினோரு நாளில் சரக்கு எடுத்தவர்கள் யார், பணம் கட்டியவர்கள் யார் என்று பில் கட்டுகளை வைத்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது.

அன்று வந்த ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், பெட்டிக்கடையைவிடச் சற்றுப் பெரிய கடை வைத்திருப்பவர், இடுப்பிலிருந்து சிறு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டர் மறந்துட்டுன்னா என்ன, எங்க நோட்டு மறக்கல. எழுதிக்கிடுங்க" என்றார். அவர் நோட்டில் இருந்த பாக்கி, நாம் தேடி எடுத்ததைவிட 640 ரூபாய் கூடுதல். நமக்குக் கிடைக்காமல் போயிருந்த ஒரு சீட்டு அவர் கையில் இருந்தது. எல்லோரும் இப்படி இருப்பதில்லை. இரண்டு கணக்குகளில் தொகை இன்றுவரை பேச்சில் இருக்கிறது. நாம் சொல்லும் தொகையை நம்பி அப்படியே கட்டிப் போனவர்களும் உண்டு. அவர்கள் கணக்கை மறுபடி சரிபார்க்கும்போதுதான் உண்மையில் பயமாக இருந்தது. கூடுதலாக வாங்கிவிட்டால் முப்பது வருஷப் பெயர் என்ன ஆவது?

மூன்றாவது ரிப்பேருக்குப் பிறகு, இனி எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை, முதலில் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். சர்வர் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். கரண்ட் போன மணி, வந்த மணி, ஜெனரேட்டர் போட்ட மணி, சர்வர் நின்ற மணி, அப்போது திரையில் என்ன இருந்தது. இவ்வளவுதான். பில் போடும் பையன்கள் மாற்றி மாற்றி எழுதினார்கள்.

இருபத்து மூன்று நாளில் ஒன்பது முறை கோளாறு. கரண்ட் போகாத நாளில் ஒரு தடவைகூட இல்லை. ஒன்பது முறையும் கோளாறு வந்தது கரண்ட் திரும்பி வந்த அரை மணி நேரத்துக்குள். அதில் ஏழு முறை, கரண்ட் வந்து, சில நிமிடத்தில் மறுபடி போய், மறுபடி வந்திருக்கிறது. இதற்கு நடுவே மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவித்துக் காலை 9 மணி முதல் 2 மணி வரை நிறுத்திய நாள் ஒன்றும் இருந்தது. அன்று எட்டே முக்காலுக்கே சர்வரை முறைப்படி அணைத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை, ஒரு கோளாறும் இல்லை.

அந்த ஒரு நாள் நமக்குப் பாதி விடையைக் கொடுத்துவிட்டது. கரண்ட் இல்லாமல் இருப்பதால் சர்வர் கெடவில்லை. கரண்ட் வரும் விதத்தில்தான் கோளாறு.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 2017 மே 27-ல் லண்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் மொத்தமாக நின்று, விடுமுறை நாள் கூட்டத்தில் 75,000 பயணிகள் தவித்தார்கள். ஹீத்ரு விமான நிலையத்துக்கு அருகில் இருந்த கம்ப்யூட்டர் நிலையத்தில் மின் இணைப்பு ஒன்றை ஒரு பொறியாளர் துண்டித்துவிட்டார் என்றும், பெரும் சேதம் நேர்ந்தது அதைக் கட்டுப்பாடில்லாமல் திரும்ப இணைத்தபோதுதான் என்றும் அதன் தாய் நிறுவனத் தலைவர் வில்லி வால்ஷ் பின்னர் விளக்கினார். கோடிக்கணக்கில் செலவழித்துப் பாதுகாத்த இடத்திலேயே அப்படி என்றால் நம் மேசைக்கு அடியில் கேட்கவே வேண்டாம்.

நம் பக்கம் லைன் பழுதானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழுது நீங்கியதா என்று பார்க்க ஒருமுறை கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். வேறு இடத்தில் கிளை உரசிக்கொண்டிருந்தால் மறுபடி விழுந்துவிடும். அதையும் எடுத்துவிட்டு மறுபடி கொடுப்பார்கள். அது சரியான முறைதான், வேறு வழியும் இல்லை. ஆனால் நம் சர்வரின் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில், கரண்ட் வந்ததும் தானாக எழும்பு என்று போட்டிருந்தார்கள். விற்றவர்கள் வசதிக்காகச் செய்து கொடுத்தது. அதனால் கரண்ட் வந்த நொடியே சர்வர் எழும்பத் தொடங்கும். எழும்பும்போதுதான் அது டிஸ்க்கில் நிறைய எழுதும். பாதி எழுதும்போது மறுபடி போகும். மறுபடி வரும், மறுபடி எழும்பும். ஒரே பிற்பகலில் நான்கு முறை இப்படி நடந்தால் எந்த டிஸ்க்தான் தாங்கும்? மெக்கானிக் காட்டிய கெட்ட பகுதிகள் பொய்யல்ல. டிஸ்க் கெட்டிருந்தது உண்மை. ஆனால் அதைக் கெடுத்த காரணம் வெளியே அப்படியே இருந்தது. அதனால்தான் புது டிஸ்க்கும் ஒரே வாரத்தில் தடுமாறியது.

"அப்படியானால் யு.பி.எஸ். எதற்கு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நாமும் கேட்டோம். பச்சை விளக்கு எரிகிறது, நன்றாக இருக்கிறது என்றார்கள். பச்சை விளக்கு கரண்ட் இருக்கிறது என்பதைத்தான் காட்டும், பேட்டரியின் ஆயுளைக் காட்டாது. சோதிக்கும் வழி எளிது. கடை அடைத்த பிறகு, சர்வரை முறைப்படி அணைத்து, யு.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். அதற்குப் பதில் பழைய 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை மாட்டி, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நம்முடையது ஐம்பது நொடியில் அணைந்தது. புது பேட்டரி போட்டபின் அதே பல்ப் பதினெட்டு நிமிடம் எரிந்தது.

சிறிய யு.பி.எஸ்.களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. விலை ஆயிரத்துச் சொச்சம். இரண்டு, மூன்று வருஷத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. வெப்பம் இந்த வகை பேட்டரிக்குப் பெரிய எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. வெயில் விழும் தகரக் கூரைக்கு அடியில் யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றுவது நல்லது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முழுதும் தீர்ந்த பேட்டரி மறுபடி நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்குத் தீர்ந்தது மூன்று மணிக்குப் போகும் கரண்டுக்குக் கைகொடுக்காது. புது பேட்டரியாக இருந்தாலும் இதுதான் கதை.

பேட்டரி மாற்றினோம். பயாஸில் தானாக எழும்பும் அமைப்பை எடுத்துவிட்டோம். கரண்ட் போனால் பில்லை முடித்து ஐந்து நிமிடத்தில் சர்வரை முறைப்படி அணைப்பது, திரும்ப வந்தால் பத்து நிமிடம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவது என்று ஏற்பாடு. வாசலில் வாடிக்கையாளர் நிற்கும்போது பத்து நிமிடம் பொறுப்பது சிரமம்தான். அதற்கு அச்சடித்த பில் புத்தகம் ஒன்று தனி வரிசை எண்ணோடு மேசையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி பில்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளலாம், ஒரு நிதியாண்டில் எண் திரும்ப வராமல் இருந்தால் போதும். இ-வே பில்லையும் அரசுத் தளத்தில் செல்போனிலிருந்தே எடுக்கலாம், அதற்கு நம் சர்வர் தேவையில்லை.

ஒன்பதில் ஏழு இப்படித் தீர்ந்தன. மீதி இரண்டு வேறு வியாதி. அந்த இரண்டு தடவையும் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பில் கம்ப்யூட்டர்கள்தான் சர்வரைக் காணோம் என்றன. காரணம், இன்டர்நெட் பெட்டியும் கம்பிகள் சேரும் சுவிட்ச் பெட்டியும் யு.பி.எஸ்.ஸில் இல்லை. கரண்ட் போய் வரும்போது அந்தப் பெட்டி புதிதாக விழித்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண் கொடுக்கிறது. நேற்று ஒரு எண், இன்று வேறு எண். பழைய விலாசத்துக்கே பில் கம்ப்யூட்டர் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் எப்படிச் சேரும்? சர்வருக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, இரண்டு பெட்டிகளையும் யு.பி.எஸ்.ஸில் சேர்த்தபின் அது நின்றது. செலவு ஒன்றுமில்லை. சர்வர் போச்சு என்று கூப்பிடும் முன் சர்வரிலேயே உட்கார்ந்து டாலி திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், ஒரு மெக்கானிக் கூலி மிச்சம்.

இதைப் போல இன்னொரு சிறு விஷயம். கரண்ட் போய் வந்தபின் கம்ப்யூட்டரில் தேதி பல வருஷம் பின்னால் போய்விட்டதா? உள்ளே நாணயம் அளவு பேட்டரி ஒன்று உண்டு, சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள். அது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, பயாஸில் செய்த அமைப்புகளும் மறந்துபோகும். தேதி தவறாக இருந்தால் அரசுத் தளங்கள் திறக்க மறுக்கும். அதைப் பார்த்து இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தவர்களை நமக்குத் தெரியும்.

அடுத்து எர்த். பக்கத்து ஊர் வணிகர் ஒருவர் கடையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தது. கரண்ட் திரும்பும்போதெல்லாம் சர்வரும் தொங்கியது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட் காட்டியது. இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. காரணத்தைத் தேடினால், கட்டடம் கட்டிய காலத்தில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். பிறகு யாரோ குழாயை பி.வி.சி.யாக மாற்றிவிட்டார்கள். கம்பி குழாயோடு நிற்கிறது, மண்ணுக்குப் போகும் வழி இல்லை. தனியாகக் குழி தோண்டி எர்த் போட்டபின் தொல்லை தீர்ந்தது. பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் கம்ப்யூட்டருக்குச் செலவழிக்க வேண்டாம்.

நியூட்ரல் அறுவது இதைவிட ஆபத்து. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வரலாம். ட்யூப் லைட் திடீரென்று கண் கூசும்படி எரிந்தால், யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 2021 ஜூனில் தொடங்கிய மின்னகத்தின் எண் 94987 94987. மின்னல் நேரத்தில் யு.பி.எஸ். மட்டும் காப்பாற்றாது. கடையிலிருந்து குடோனுக்குத் திறந்தவெளியில் போகும் நெட்வொர்க் கம்பி வழியாகவும் இடி உள்ளே வரும். ஐப்பசி இடி மழைக்குக் கடை அடைக்கும்போது பிளக்கோடு அந்தக் கம்பியையும் கழற்றிவிடுவது நம் வழக்கம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, யு.பி.எஸ். வேண்டாம் என்பவர்கள் கவனிக்க. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மாறுவதற்கு இதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். மின்விசிறிக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் விழுந்து எழும்பும். யு.பி.எஸ். நிலையில் வைத்தால் வேகமாக மாறும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு சங்கடம். சிறிய ஜெனரேட்டரில் லோடு ஏற இறங்க 50 ஹெர்ட்ஸ் என்ற வேகம் ஆடும். அந்தக் கரண்டைப் பல யு.பி.எஸ்.கள் ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடும். ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது, எல்லா விளக்கும் எரிகிறது, இருபது நிமிடத்தில் சர்வர் மட்டும் அணைகிறது என்றால் இதுதான் காரணம். அந்த நேரத்தில் யு.பி.எஸ். "பீப்" என்று கத்திக்கொண்டே இருக்கும், நாம் வியாபார மும்முரத்தில் கவனிப்பதில்லை.

போடும் வரிசையும் முக்கியம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின் தொகுப்பே விழுந்து, இரண்டாம் நாள் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருட்டில் இருந்தார்கள். தென் தொகுப்பு 2013 டிசம்பர் 31-ல்தான் அதோடு இணைந்தது என்பதால் நாம் தப்பித்தோம். அதை மீட்டபோது ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் போடவில்லை. ஒரு நிலையம், கொஞ்சம் லோடு, அடுத்த நிலையம் என்று பகுதி பகுதியாகத்தான் எழுப்பினார்கள். கடையிலும் அப்படியே. முதலில் ஃப்ரீசர், மோட்டார் போன்ற பெரிய லோடுகள் ஓடி அடங்கட்டும். பிறகு இன்டர்நெட் பெட்டியும் சுவிட்ச் பெட்டியும். அடுத்து சர்வர். அது முழுதாக எழும்பிய பிறகு பில் கம்ப்யூட்டர்கள். கரண்ட் வந்ததும் பையன்கள் ஆளுக்கொரு சுவிட்சைத் தட்டும் பழக்கத்தை நிறுத்தவே நமக்கு ஒரு மாதம் ஆனது.

டாலி கணக்கு திறக்காமல் அடம்பிடித்தால் அதிலேயே பழுது நீக்கும் வசதி உண்டு. ஆனால் அதைத் தொடும் முன், கெட்டுக் கிடக்கும் கணக்குக் கோப்பை அப்படியே வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். பழுது நீக்கும்போது சில பதிவுகள் விடுபடலாம். நகல் இருந்தால் விவரம் தெரிந்தவர் வேறு வழி பார்ப்பார். வந்ததும் வராததுமாக "ஃபார்மேட் பண்ணிரலாம் அண்ணாச்சி" என்று சொல்லும் தம்பியிடம், நகல் எடுத்தாயா என்று கேட்ட பிறகே கீபோர்டைக் கொடுங்கள். நாம் இப்போது அந்த நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். படித்துப் பார்ப்பவர்தான் நமக்கு வேண்டிய மெக்கானிக்.

நகல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசுக் கம்ப்யூட்டர் நிலையத்தில் யு.பி.எஸ். பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. வெளியில் நகல் இல்லை. அவ்வளவு முன்னேறிய நாட்டில் அப்படி. நம் ஜி.எஸ்.டி. விதி 57-ம், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு நகல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைக்கவும் சட்டம் உண்டு. "கரண்ட் போச்சு சார்" என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது.

நம் ஏற்பாடு இது. தினமும் கடை அடைக்கும்போது ஒரு பென் டிரைவில் நகல், அது வீட்டுக்கு வந்துவிடும். சர்வரிலேயே குத்தி வைத்த பென் டிரைவ் நகல் ஆகாது, இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கிழமை ஒற்றைப்படைக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு பென் டிரைவ். இன்டர்நெட் வழியாக வெளியூரில் ஒரு நகல். மாதத்தில் ஒரு நாள், மகனின் லேப்டாப்பில் அந்த நகலைத் திறந்து, ஏதாவது ஐந்து பேர் பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். எடுத்த நகல் திறக்கவில்லை என்பது தேவைப்படும் நாளில் தெரியவந்தால் என்ன பயன்?

வெள்ளிக்கிழமை இரவு எல்லோருடைய பாக்கியையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொள்கிறோம். ஆறு பக்கம் வரும். சனிக்கிழமை கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் மேசையில் இருக்கும். கடைக்காரர்கள் தங்கள் நோட்டை அதோடு வைத்து டிக் போட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பேச்சில் கிடக்கும் அந்த இரண்டு கணக்கில் ஒன்று போன மாதம் இப்படித்தான் தீர்ந்தது. அவருக்கு 300 ரூபாய், நமக்கு 450 என்று பிரித்துக்கொண்டோம். இன்னொன்றுக்கு அவருடைய பழைய நோட்டு கிடைக்க வேண்டும்.